நாற்காலியில் இருப்பவர் வீட்டில் இல்லை

"வீட்டுல உட்கார்ந்துகிட்டு எப்படிம்மா வேலை பார்க்கிறது?"

மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்குமுன்பே கேட்டுவிட்டார் வில்வநாதன்.

ரிஸ்வானா தலையைத் திருப்பவில்லை. காதில் ஹெட்போன், எதிரே மடிக்கணினி. அவள் உட்கார்ந்திருந்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில். கல்யாண மண்டபங்களில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

பதில் தரையிலிருந்து வந்தது. அவளுடைய மாமியார் பாயில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அவ வீட்டுல இல்ல தம்பி. ஒரு மணிக்கு வருவா."

"இதோ உட்கார்ந்திருக்காங்களே!"

"நாற்காலியில உட்கார்ந்திருக்கா. வீட்டுல இல்ல."

கேலி செய்கிறார்களோ என்று அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தார் வில்வநாதன். சிரிப்பின் தடயமே இல்லை. பாயின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார் அவர். இவர் உட்கார்ந்தார்.

மணி பதினொன்றேகால்.

வில்வநாதனுக்கு நாற்பத்தெட்டு வயது. மஸ்கட்டில் பதினான்கு வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் திருச்சிக்குத் திரும்பினார். 'இனிமே போகவே மாட்டேன்' என்று மகள் மதியின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். தமிழும் ஆங்கிலமும் ஒழுங்காகப் படித்தவர். இயந்திரங்களின் கையேடுகளைத் தமிழாக்கித் தருகிற வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஃப்ரீலான்ஸில் இறங்கினார்.

இரண்டு கெடு தவறிவிட்டது. இப்போது கையில் இருப்பது விவசாய பம்புசெட் கையேடு. இருநூறு பக்கம், முப்பதாம் தேதி கெடு. இதுவும் தவறினால் இனி வேலை இல்லை என்று மொழிபெயர்ப்பு ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். அதே முப்பதாம் தேதி வரைக்கும்தான் பழைய இடத்தைக் காலியாக வைத்திருப்பதாக மஸ்கட் மேனேஜர் வாரம் தவறாமல் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாலக்கரையில ரிஸ்வானான்னு ஒருத்தங்க இருக்காங்க, போய்ப் பாருங்க சார்," என்று ஏஜென்சிக்காரர்தான் முகவரி கொடுத்தார். "காலேஜ் பாட வீடியோவுக்கெல்லாம் அடியில தமிழ் எழுத்துப் போடறவங்க. அஞ்சு வருஷத்துல ஒரு நாள் பிந்தினதில்ல."

கண்ணாடிக் கதவு போட்ட அமைதியான அறை ஒன்றை மனதில் கட்டிக்கொண்டுதான் வந்தார். வந்து பார்த்தால் இரண்டே அறை. கீழே அவள் புருஷன் ஜாபரின் டயர் கடை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கம்ப்ரசர் தெருவுக்கே கேட்கப் பெருமூச்சு விட்டது.

கேஸ் சிலிண்டர் வந்தது. மாமியார் எழுந்து போய் வாங்கி வைத்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். "ரிஸ்வானா வந்ததும் ரேஷன்ல பாமாயில் போடறாங்கன்னு சொல்லிடுங்க," என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனாள். மூன்றடி தள்ளித்தான் ரிஸ்வானா இருந்தாள்.

ஒரு மணிக்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவள் எழுந்தாள். திரும்பினாள். முகம் மலர்ந்தது.

"அடடா, வாங்கண்ணே! எப்ப வந்தீங்க? மாமி, அண்ணனுக்கு மோர் கொடுத்தீங்களா? பாமாயில் சேதி ஏதும் வந்துச்சா?"

வில்வநாதன் தன் கேள்வியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"எனக்குத் தனி ரூம் இருக்கும்மா. ஏசி இருக்கு. தாழ்ப்பாள் இருக்கு. கதவைச் சாத்தினா தட்டறாங்க. திறந்து வெச்சா உள்ள வந்துடறாங்க. யாருமே வரலைன்னா நானே எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கிறேன்."

"உள்ள என்னண்ணே இருக்கும்?"

"காலையில இருந்ததேதான்."

ரிஸ்வானா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஒரு நாற்காலி வாங்குங்கண்ணே."

"நல்ல நாற்காலியா என்கிட்டயே இருக்கும்மா. சுத்தும்."

"அது சுத்தட்டும். இந்த மாதிரி ஒண்ணு வாங்குங்க."

"வாங்கி?"

"வீட்டுல போடுங்க."

அவ்வளவுதான். அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே காந்தி மார்க்கெட்டில் ஒரு சிவப்பு நாற்காலி வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் வில்வநாதன். மனைவி கோமளாவையும் மதியையும் கூப்பிட்டு நிறுத்தினார். கோமளா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"இதுல நான் உட்கார்ந்திருந்தா நான் வீட்டுல இல்ல. புரிஞ்சுதா?"

மதி களுக்கென்று சிரித்தாள்.

"எப்ப வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்டாள் கோமளா.

"வேலை முடிஞ்சதும்."

"வேலை எப்ப முடியும்?"

"அதை எப்படி இப்பவே சொல்றது?"

முதல் நாள் பதினான்கு பக்கம் ஓடியது. நாற்காலியைத் தடவிக் கொடுத்தார். இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள் கோமளா கதவைத் திறந்து, "இருக்கீங்களா, இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றார். "இல்லாதவர் எழுந்து வந்து மிக்சியை என்னன்னு பாருங்க," என்றாள்.

நான்காம் நாள் சார்ட் பேப்பரும் கத்தரிக்கோலுமாக மதி வந்தாள். ஒரே ஒரு வட்டம் வெட்டித் தர வேண்டும்.

"எத்தனை தடவைடி சொல்றது? நாற்காலியில இருந்தா வராதேன்னு!"

அவர் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது.

மதி அழவில்லை. பேப்பரைச் சுருட்டினாள்.

"நீங்க மஸ்கட்லயே இருந்திருக்கலாம்ப்பா. அங்க இருந்தப்பக் கூப்பிட்டா எடுப்பீங்க."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அதற்குமேல் ஒரு வரி நகரவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட கை காயுமுன் பாலக்கரைக்குப் பஸ் ஏறினார்.

"அந்த நாற்காலி வேலை செய்யலம்மா," என்றபடியே உள்ளே நுழைந்தார்.

ரிஸ்வானா தரையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் மாமியார்.

மடிக்கணினி மூடி ஓரமாக நகர்த்தியிருந்தது. மாமியார் மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தைக்கவில்லை, படிக்கவில்லை, தூங்கவும் இல்லை. வந்தவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

போன் அடித்தது. ரிஸ்வானா எடுத்தாள்.

"சின்ன மாமியா? நல்லா இருக்கோம். மாமி வீட்டுல இல்லையே. நாலு மணிக்கு வந்துடுவாங்க. வந்ததும் பேசச் சொல்றேன்."

நாற்காலியில் ஒரு சலனமும் இல்லை.

மறுபடி போன். இந்தத் தடவை ஏஜென்சிக்காரர். அவர் குரல் வில்வநாதனுக்கே கேட்டது. ஒரு வீடியோவில் நாலு வரி திருத்த வேண்டுமாம். அவசரமாம்.

"நாலு மணிக்கு உட்காருவேன் சார். நாலேகாலுக்கு உங்க கையில இருக்கும்," என்றாள் ரிஸ்வானா.

வில்வநாதனுக்குப் பொறுக்கவில்லை.

"நாலு வரிதானேம்மா? அஞ்சு நிமிஷ வேலை. அவங்களைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னா..."

"யாரைண்ணே?"

"மாமியை."

"அவங்க வந்தாத்தானே சொல்றதுக்கு?"

அவள் பீன்ஸின் நுனியைக் கிள்ளிப் போட்டாள். வில்வநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"தினமும் உட்காருவாங்களா?"

"ரெண்டுலேருந்து நாலு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவரு. கடைச் சாவியை என்கிட்ட கொடுத்துட்டு வந்து உட்காருவாரு."

"உட்கார்ந்து என்ன பண்ணுவாங்க?"

கத்தி நின்றது. அப்படி ஒரு கேள்வியை அவள் இதுவரை யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தெரியலையேண்ணே," என்றாள். "கேட்டதில்ல."

வில்வநாதன் அந்த நாற்காலியைப் பார்த்தார். அந்த அம்மாளின் முதுகைப் பார்த்தார். கீழே கம்ப்ரசர் பெருமூச்சு விட்டது. அவருக்குத் தன் வீட்டுச் சிவப்பு நாற்காலி ஞாபகம் வந்தது. தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் அது தனியாக இருந்தது.

கொண்டுவந்த கேள்விகள் நாலைந்து பாக்கி இருந்தன. அவர் ஒரு கைப்பிடி பீன்ஸை எடுத்து நாரை உரிக்க ஆரம்பித்தார்.

நான்கு மணிக்கு மாமியார் எழுந்தார். முந்தானையைச் சரி செய்துகொண்டார். திரும்பினார்.

"அட, தம்பி! எப்ப வந்தீங்க? டீ போடவா?"

"மாமி, நான் கிளம்பறேன்," என்றாள் ரிஸ்வானா.

"போயிட்டு வாம்மா. கத்தியை இப்படிக் கொடு."

ரிஸ்வானா கையைக் கழுவினாள். மூன்றடி நடந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அதன்பின் அவள் வீட்டில் இல்லை.

வில்வநாதன் டீயைக் குடித்துவிட்டு, நாற்காலியின் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். வாங்கிக்கொள்ளத்தான் அங்கே ஆள் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறடிக்கப் போகிறது. மதி கூடத்தில் படம் வெட்டிக்கொண்டிருந்தாள். வட்டங்கள் கோணலாக இருந்தன. கோமளா இன்னும் வரவில்லை. பள்ளியில் பெற்றோர் கூட்டம்.

அறைக்குள் போனார். சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்து ஜன்னலோரம் போட்டார்.

"இதுல உட்காரு."

மதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "திட்டப் போறீங்களா?"

"இல்ல. ஏழு மணி வரைக்கும் இது உன்னுது."

"உட்கார்ந்து என்ன பண்ணணும்?"

"நான் கேட்க மாட்டேன்."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் ஆனது.

"அப்பா, ஹோம்வொர்க் இருக்கு."

பதில் இல்லை.

"அப்பா? தண்ணி வேணும்."

வில்வநாதன் வெங்காயக் கூடையை எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளே மேஜைமேல் பம்புசெட் காத்திருந்தது. அன்றைய கணக்குக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம் பாக்கி. அவர் வெங்காயத்தை உரித்தார்.

கொஞ்ச நேரத்தில் மதி காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள். முழங்காலில் தாடையை ஊன்றினாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மொட்டைமாடி, கொடியில் சட்டைகள், ஒரு காக்கை. எதைப் பார்த்தாளோ தெரியாது. அவள் முகத்தில் அப்படி ஒரு தூரத்தை அவர் இதற்குமுன் கண்டதில்லை.

கோமளா விடைத்தாள் கட்டோடு வந்தாள். செருப்பைக் கழற்றியபடியே குரல் கொடுத்தாள்.

"மதி! இந்தக் கட்டைப் பிடி!"

"மதி வீட்டுல இல்ல," என்றார் வில்வநாதன்.

கோமளா எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்தாள். வெங்காயத்தைப் பார்த்தாள். கட்டைத் தானே இறக்கி வைத்தாள்.

"எப்ப வருவா?"

"ஏழு மணிக்கு."

"அதுக்கப்புறம் அது யாருக்கு?"

"எட்டு வரைக்கும் உனக்கு."

"குக்கர்?"

"வெச்சாச்சு."

கோமளா ஓசைப்படாமல் சுவரோரமாக நடந்து உள்ளே போனாள், அறையில் யாரோ தொழுதுகொண்டிருப்பது போல.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது.

காலை பத்தரை மணி. நாற்காலி ஜன்னலோரத்திலேயேதான் கிடந்தது. இப்போது அதன் முன்னால் ஒரு சின்ன மேஜையும் இருந்தது. பம்புசெட்டில் ஆறு பக்கம் பாக்கி. அடுக்களையில் கோமளா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேஜைமேல் வில்வநாதனின் போன் அடித்தது. மஸ்கட்.

மதி ஓடிவந்து எடுத்தாள்.

"வில்வநாதன் இருக்காராம்மா? நான் அவர் மேனேஜர் பேசறேன். இன்னிக்குக் கடைசி நாள், பதில் சொல்றேன்னார்."

"அப்பா வீட்டுல இல்ல அங்கிள்."

"ஞாயிற்றுக்கிழமை காலையிலயா? எங்க போயிருக்கார்?"

மதி நாற்காலியைப் பார்த்தாள். மூன்றடி தூரத்தில் அப்பாவின் முதுகு.

"வேலைக்கு," என்றாள். "ஒரு மணிக்கு வந்துடுவாங்க."

வில்வநாதன் தலையைத் திருப்பவில்லை.