மணி அடித்தவர் பட்டியல்

மரகதவல்லி யாரையும் சீடராகச் சேர்த்துக்கொள்வதில்லை. தணிகாசலம் அதையும் மீறிச் சீடரானவர்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று, ஆசிரியைக்கு நாற்பத்தொன்று. இருபது ஆண்டுகள் தொலைபேசி இணைப்பகத்தில் திருட்டு இணைப்புகளைத் துப்பறிந்துவிட்டு, பிறகு கணினி படித்து, கண் அறுவைக்கான லேசர் கருவியை உருவாக்கும் அந்தக் கூடத்துக்கு வந்திருந்தார். வந்த முதல் வாரமே மரகதவல்லியின் அறைக்குள் நுழைந்து, "மேடம், இனிமே நீங்கதான் எனக்கு குரு" என்றார்.

"எனக்குச் சீடர்கள் கிடையாது. வாசல்ல ஒரு தட்டு இருக்கு. கேள்வி இருந்தா அதுல போடுங்க."

அறைக்கு வெளியே ஒரு மேசை. அதன்மேல் மரத்தட்டு ஒன்றும் அமுக்கினால் ஒலிக்கும் பித்தளை மணி ஒன்றும் இருந்தன. சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு விதி: 'தட்டு காலியாக இருந்தால் தாளை வைத்து மணி அடிக்கவும். ஏற்கெனவே தாள் இருந்தால் உங்களுடையதையும் வைத்துவிட்டுப் போகவும். மணி அடிக்க வேண்டாம்.' மணி கேட்டால் மரகதவல்லி வெளியே வருவார். தட்டில் உள்ள அனைத்தையும் நின்றபடியே முடித்துவிட்டுத்தான் உள்ளே திரும்புவார்.

அன்று வியாழக்கிழமை. தணிகாசலம் தட்டைப் பொருட்படுத்தாமல் நேராக உள்ளே போனார்.

"ஆள் கிடைச்சாச்சு மேடம்."

"யாரு?"

"ஜெசிந்தா."

கருவியில் எட்டு புராசஸர்கள்; அவற்றுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரல்தான் கெர்னல். எட்டாவது, லேசர் கதிரை வழிநடத்துவதற்கு மட்டுமே. மற்ற ஏழும் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. தவிர்க்க முடியாதபோது அதற்கு ஒரு சமிக்ஞை அனுப்பலாம்: கையில் இருப்பதை நிறுத்து, இதைச் செய், பிறகு தொடர். அந்த இடைவெளி முப்பது மைக்ரோ நொடியைத் தாண்டினால் கருவி பாதுகாப்புக்காகக் கதிரை அணைத்துவிடும். மைக்ரோ நொடி என்பது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கடந்த ஒன்பது நாட்களில் ஆட்டுக்கண்களை வைத்து நடந்த சோதனையில் பதினொரு முறை கதிர் அணைந்திருந்தது.

திட்டத் தலைவரின் உத்தரவு சுருக்கமானது. யாருடைய நிரலால் இது நடக்கிறதோ அவர் பெயர் நான்கு மணிக்குள் அறிக்கையாக வர வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் அன்றோடு திட்டத்தில் இல்லை.

ஜெசிந்தா தூத்துக்குடியிலிருந்து மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்தவள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கடிதம் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் மரகதவல்லி.

"கெர்னல்ல சமிக்ஞை புறப்படுற இடத்துலயே பொறி வச்சேன் மேடம். எந்தப் புராசஸர் அனுப்புது, யாருடைய வரி அனுப்பச் சொல்லுது, எல்லாமே பதிவாகும். பதினொரு தடவையும் அவ வரி. ஒண்ணுகூட வேற ஆளோடது இல்ல."

"அந்த வரி என்ன செய்யுது?"

"நினைவகத்துல ஒரு பகுதியை விடுவிச்சதும், 'அந்தப் பழைய முகவரியை மறந்துடு'ன்னு எட்டாவதுக்குச் சொல்லுது."

"எட்டாவது எவ்வளவு நேரம் நிக்குது?"

"எண்பது மைக்ரோ நொடி."

"அந்த எண்பதுல அவ வேலைக்கு எவ்வளவு?"

தணிகாசலத்துக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "மொத்தமும்தான். அவ வர்றதுக்கு முன்னாடி கதிர் ஒரு தடவைகூட அணைஞ்சதில்ல மேடம். இது போக நடத்தை வேற இருக்கு. எல்லாத்தையும் நாற்பது பக்கத்துல எழுதியிருக்கேன்."

"பன்னிரண்டு மணி வரைக்கும் எனக்கு ஒரு வேலை செஞ்சு குடுங்க. வெளிய ஸ்டூல் போட்டு உட்காருங்க. யார் யார் மணி அடிக்கிறாங்கன்னு நேரத்தோட குறிச்சு வைங்க. நான் எவ்வளவு நேரம் வெளிய நிக்கிறேன்னும் குறிங்க."

"அறிக்கை?"

"நாலு மணிக்குத்தானே."

தணிகாசலம் வெளியே வந்தார். ஆசிரியை நேரத்தை இழுத்தடிக்கிறார் என்று அவருக்குப் பட்டது. இழுத்தடிப்பவர் எவரும் காரணமில்லாமல் இழுத்தடிப்பதை அவர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. ஜெசிந்தாவை நேர்காணல் செய்து எடுத்தவர் மரகதவல்லிதான் என்பது நினைவுக்கு வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைச் சிறிய எழுத்தில் குறித்து, அடியில் கோடிட்டார். பிறகு நாற்பது பக்கங்களையும் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் அமர்ந்தார்.

ஒன்பதே முக்காலுக்கு ஜெசிந்தா வந்தாள். தட்டு காலியாக இருந்தது. தாளை வைத்து மணியை அமுக்கினாள். தணிகாசலம் எழுதினார்.

"சார், காலையிலேர்ந்து எத்தனை வாட்டி தண்ணி குடிச்சேன்? எழுதியாச்சா?"

"அது என் வேலை இல்லம்மா."

"அப்படியா? நேத்து மாடிப்படிவரைக்கும் பின்னாடி வந்தது வேற யாரோ போல."

மரகதவல்லி வெளியே வந்து, தாளைப் படித்து, ஒரு சொல்லை அடித்துத் திருத்திக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு நிமிடம். தணிகாசலம் அதையும் எழுதினார்.

அதன் பிறகு வேறு இருவர் வந்து போனார்கள். பத்தரைக்கு ஜெசிந்தா மறுபடியும் வந்தாள். பதினொன்று ஐந்துக்கு மூன்றாம் முறையாக வந்து ஒரு விடுப்புத் தாளை வைத்து மணி அடித்தாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் விடுப்பு. தணிகாசலம் தலையைச் சாய்த்து அதைப் படித்தார். அறிக்கை வரும் நாளுக்கு மறுநாள் விடுப்பு! ஓடப் பார்க்கிறாள் என்று நோட்டில் எழுதினார்.

உள்ளே மரகதவல்லி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வர ஒரு நிமிடமாவது ஆகும். தட்டில்தான் ஏற்கெனவே தாள் இருந்ததே. தணிகாசலம் எழுந்து, மடியிலிருந்த நாற்பது பக்கங்களையும் விடுப்புத் தாளுக்கு அடியில் சொருகிவிட்டு, ஸ்டூலுக்குத் திரும்பினார்.

மரகதவல்லி வந்தார். விடுப்புத் தாளில் கையெழுத்திட அரை நிமிடம். பிறகு அறிக்கையை எடுத்தார். நின்றபடியே நாற்பது பக்கங்களையும் படித்தார். எந்தப் பக்கத்தையும் தள்ளிவிடவில்லை. முடித்ததும் அதைத் தணிகாசலத்தின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் தயாராக இருந்தது.

"வாசிங்க."

"மொத்தம் அஞ்சு மணி. ஜெசிந்தா மூணு. மத்த ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு."

"நான் அதிக நேரம் வெளிய நின்னது எந்த மணிக்கு?"

"பதினொண்ணு அஞ்சு. நாற்பத்திரண்டு நிமிஷம்."

"அடிச்சது யாரு?"

"ஜெசிந்தா."

"அப்ப என் நாற்பத்திரண்டு நிமிஷத்தைத் தின்னது அவதான்."

"ஆமா மே..." தணிகாசலம் நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"அவ வச்சது ஒரு விடுப்புத் தாள்தான்."

"மீதி நேரம்?"

தணிகாசலத்தின் பார்வை நாற்பது பக்கங்களின்மேல் போனது.

"பட்டியல்ல உங்க பேர் இருக்கா?"

"நான் மணி அடிக்கலையே மேடம்."

"அடிக்கல. விதிப்படி சரியாத்தான் நடந்துக்கிட்டீங்க." மரகதவல்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "முப்பத்தோராம் பக்கத்துல 'நான் கடந்து போகும்போது கணினித் திரையைத் தாழ்த்துகிறார்'னு எழுதியிருக்கீங்க."

"உண்மை மேடம். மூணு தடவை பார்த்தேன்."

"நீங்க கடந்து போனா நானும்தான் தாழ்த்துறேன். அதை ஏன் எழுதல?"

தணிகாசலம் நோட்டின் கடைசிப் பக்கத்தை விரலால் மூடிக்கொண்டார்.

"இந்தத் தட்டு விதியை நான் எங்கேர்ந்து எடுத்தேன், தெரியுமா?"

அவருக்குத் தெரிந்திருந்தது. கெர்னலில் அந்த வரியை அவர் நூறு முறை படித்திருந்தார். ஒரு புராசஸருக்கு வேலை கொடுப்பவர், அதன் வரிசையில் ஒரு சீட்டைப் போட வேண்டும். வரிசை அதுவரை காலியாக இருந்தால் மட்டுமே சமிக்ஞை புறப்படும். ஏற்கெனவே சீட்டு இருந்தால் புறப்படாது. அந்தப் புராசஸர்தான் எப்படியும் வரப்போகிறதே. வந்தால் வரிசையில் இருக்கும் அனைத்தையும் முடித்துவிட்டுத்தான் திரும்பும்.

அவர் பொறி வைத்திருந்தது சமிக்ஞைக்கு. சீட்டுக்கு அல்ல.

சோதனைக்கூடத்தில் ஜெசிந்தா தெர்மோகோல் பெட்டியிலிருந்து ஆட்டுக்கண் ஒன்றை எடுத்துத் தாங்கியில் பொருத்திக்கொண்டிருந்தாள். தணிகாசலம் கணினி முன் அமர்ந்து, பழைய பொறியை எடுத்துவிட்டு இரண்டு புதிய பொறிகளை எழுதினார். வரிசையில் சீட்டுப் போடுபவர் எவராயினும் ஒன்று பதியும். ஒவ்வொரு சீட்டின் வேலையும் தொடங்கி முடியும் நேரத்தை மற்றொன்று பதியும்.

"இந்தத் தடவை எந்தக் கதவுக்குப் பின்னாடி நிக்கிறீங்க சார்?"

"உள்ள நிக்கிறேன்மா. நீ ஓட்டு."

அவள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு விசையைத் தட்டினாள்.

நான்காவது கண்ணில் கதிர் அணைந்தது. பதிவில் இரண்டு சீட்டுகள் இருந்தன. முதலாவது ஜெசிந்தாவினுடையது: இரண்டு மைக்ரோ நொடி. அதன் பின்னால் ஒன்று: எழுபத்தெட்டு.

இரண்டாவது சீட்டு, நினைவகத்தில் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு புராசஸரையும் மறுகணக்கு எடுக்கச் சொல்லும் பழைய வேலை. நினைவகத்தின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டால், அதன் பின்னாலேயே அது கிளம்பும். எட்டாவது புராசஸரின் நினைவகத்தை லேசர் ஓடும்போது விடுவிக்கும் வரியை முதன்முதலில் எழுதியவள் ஜெசிந்தா. ஆகவே அவளுடைய சீட்டு விழுந்த மறுகணம் இதுவும் விழுந்தது. வரிசை காலியாக இருந்து அது பார்த்ததே இல்லை. ஒன்பது நாள் பதிவில் அதன் பெயர் ஒருமுறைகூட இல்லை.

தணிகாசலம் கோப்பைத் திறந்தார். முதல் வரியில் எழுதியவர் பெயரும் ஆண்டும் இருந்தன.

அவர் முதலில் தம் பொறியைச் சந்தேகித்தார். இன்னும் மூன்று கண்களை வைத்து ஓட்டச் சொன்னார். எழுபத்தெட்டு, எழுபத்தேழு, எழுபத்தெட்டு. பிறகு கோப்பைச் சந்தேகித்தார். யாரேனும் அந்தப் பெயரைப் பின்னால் மாற்றியிருக்கக் கூடும் என்று அதன் வரலாறு முழுவதையும் தோண்டினார். ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பெயர் இருந்த வரியை ஒருவரும் தொடவில்லை.

மூன்றரை மணிக்கு அவர் மரகதவல்லியின் வாசலுக்கு வந்தார். தட்டு காலியாக இருந்தது. பதிவின் அச்சுத்தாளை வைத்தார். மணியின்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் நின்றபின் அமுக்கினார்.

மரகதவல்லி வெளியே வந்து தாளைப் படித்தார். ஒருமுறை படித்தார். பிறகு எழுபத்தெட்டு என்ற எண்ணிலிருந்து அதற்கு நேரே இருந்த பெயர்வரைக்கும் விரலை மெல்ல நகர்த்தினார்.

"என்னோடது."

"காலையிலேயே தெரியுமா மேடம்?"

"தெரிஞ்சிருந்தா உங்களை எதுக்கு ஸ்டூல்ல உட்கார வைக்கப்போறேன்? உங்க பொறியில பாதிதான் விழும்னு மட்டும் தெரியும்." அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இது எட்டு வரி இருந்தப்ப ஒரு மைக்ரோ நொடிகூட ஆகல. அதுக்கு மேல எதை எதையெல்லாம் ஏத்தினோமோ. நான் திரும்பிப் பார்க்கவே இல்ல."

தணிகாசலம் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். இருபது ஆண்டுகளாக மனிதர்களின் முகத்தில் எதைத் தேடினாரோ அதையே தேடினார். கிடைக்கவில்லை.

"உள்ள வாங்க. இங்கேயே எழுதி முடிச்சிடுங்க. நாலு மணிக்குத் திட்டத் தலைவர் கேப்பார்."

அவர் உள்ளே வந்து அமர்ந்தார். நாற்பது பக்கங்களைக் குப்பைக் கூடையில் போட்டார். புதிய தாளை எடுத்தார். தேதியை எழுதினார். கருவியின் எண்ணை எழுதினார். இரண்டு மைக்ரோ நொடி, எழுபத்தெட்டு மைக்ரோ நொடி என்று எழுதினார். 'பொறுப்பானவர்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளிகளை வைத்தார்.

"மேடம், 'கெர்னலின் பழைய பகுதி ஒன்று'ன்னு போட்டா போதாதா?"

மரகதவல்லி அந்த இரண்டு புள்ளிகளை விரலால் காட்டினார்.

"நீங்க இல்லாம இந்தக் கருவியே இல்லையே. அவர் சொன்னா சொன்னபடி செய்றவர்."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஜெசிந்தா காலித் தெர்மோகோல் பெட்டியைக் கழுவப் போய்க்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

தணிகாசலத்தின் பேனா தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. மரகதவல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேனா நின்னு நாலு நிமிஷம் ஆச்சு," என்றார். "ஜெசிந்தா பேரை எழுத எவ்வளவு நேரம் ஆச்சு, தணிகாசலம்?"