மெர்சியின் பாலுக்கு வந்த பை

முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நடுவில் யாரையும் திட்டக் கூடாது. எனக்கே இதைச் சொல்லும்போது வயிறு எரிகிறது.

ஒரு துறைமுக ஊர். அங்கே பெரியாஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு ஜெயசீலிதான் தலைமை நர்ஸ். பெற்றவளுக்குப் பால் சுரக்காத பிள்ளைகளுக்கு வேறு தாய்மார்கள் பால் கொடுத்தனுப்புவார்கள். அவர்களில் ஒருத்தி மெர்சி, கடலோரக் கிராமத்துக்காரி. அவள் பிள்ளை பிறந்த வாரமே தவறிவிட்டது. பால் மட்டும் நிற்கவில்லை.

"வீணாப் போறதுக்கு யாரோ ஒரு பிள்ளை குடிக்கட்டுமே சிஸ்டர்" என்றாள்.

ஆனால் சித்திரை வெயில் என்ன லேசுப்பட்டதா? தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டினாலும் பஸ் வந்துசேர்வதற்குள் உருகி, பால் கெட்டுப்போகும். ஒருநாள்கூடத் தேறவில்லை. ஜெயசீலி அதைத் தொட்டியில் கொட்டுவாள். மெர்சியிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

அதற்காகத்தான் ஓர் அறக்கட்டளை பணம் கொடுக்க, குளிர் தாங்கும் பைகளை வெளிநாட்டிலிருந்து தன் பொறுப்பில் வரவழைத்தாள். கஸ்டம்ஸ் வேலையைப் பார்த்த ஏஜெண்ட் ஆறுமுகப்பெருமாள் தங்கமான மனுஷன். கூலியே வேண்டாம் என்றார். வரி குறையட்டுமே என்று, யாரையும் கேட்காமல், சரக்கை 'மருத்துவக் கருவி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

சுங்க அதிகாரி பாலகுரு ஜெயசீலியின் முன்னாலேயே பெட்டியைப் பிரித்தார். வெளியே துணி, உள்ளே ஸ்பாஞ்சும் வெள்ளித்தாளும், தோளில் மாட்ட ஒரு வார்.

"இதுல பாலை வெச்சாலும் குளிரும், பீர் பாட்டிலை வெச்சாலும் குளிரும். இது பைம்மா, கருவி இல்லை" என்றார். சரக்கு அங்கேயே நின்றுபோனது.

பாலகுரு ஈவிரக்கமில்லாதவர் அல்ல. "பைன்னு திருத்திக் கையெழுத்துப் போடுங்க. மிச்ச வரியைக் கட்டிட்டு இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க. ஆனா தப்பா எழுதினவர் யாருன்னு நான் மேலே சொல்லியாகணும்."

வரி கட்ட அறக்கட்டளை தயார். பெருமாள்தான் அழுதேவிட்டார்.

"சிஸ்டர், என் லைசென்ஸ் போயிடும். ரெண்டு பொண்ணுங்க படிக்குது. மருத்துவக் கருவிதான்னு வாதாடிப் பார்ப்போமே!"

உதவ வந்தவர் வயிற்றில் எப்படி அடிப்பாள்? ஜெயசீலி கையெழுத்துப் போடவில்லை.

வாதம் இழுத்துக்கொண்டே போனது. இன்று வந்துவிடும், நாளை வந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள். பால் வந்தது, கெட்டது, தொட்டியில் போனது. கடைசியில் மேலிடம் சொன்னது: பைதான். பெருமாளைக் கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள். லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பைகள் வார்டுக்கு வந்தபோது மெர்சிக்குப் பால் வற்றியிருந்தது.

ஒருநாள் அவள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்று, "என் பாலைக் குடிச்ச பிள்ளை எது சிஸ்டர்?" என்று கேட்டாள்.

ஜெயசீலி ஏதோ ஒரு பிள்ளையைக் காட்டி, "அதோ, அவன்தான்" என்றாள். மெர்சி ரொம்ப நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது சொல்லுங்கள். இல்லாததை எழுதிய பெருமாள், உள்ளதைச் சொல்லிச் சரக்கை நிறுத்திய பாலகுரு, பெருமாளைக் காப்பாற்றிவிட்டு மெர்சியிடம் பொய் சொன்ன ஜெயசீலி: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பாலகுருதான். எதைச் சுமந்தாலும் பை பைதான். பெருமாள் நல்லது செய்வதாக நினைத்துக் காரியத்தைக் கெடுத்தார். ஜெயசீலி அவருக்கு இரங்கியதில் என்ன தப்பு என்பீர்கள். ஐயோ, அந்த இரக்கத்துக்கு அவள் கொடுத்தது மெர்சியின் பாலை அல்லவா? மெர்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லையே! ஆனால் பாலகுரு சரியாக நடந்தும் என்ன பிரயோஜனம், ஒரு சொட்டுகூட எந்தப் பிள்ளையின் வாய்க்கும் போகவில்லை. அந்தக் கடைசிப் பொய்யைப் பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அங்கே நான் நின்றிருந்தாலும் ஏதோ ஒரு பிள்ளையைத்தான் காட்டியிருப்பேன்.