காக்கை விரட்ட ஓர் ஆள்

செவ்வந்தி நாட்டு அரசர் மகுடவர்மருக்கு நல்ல செய்தி என்றால் கற்கண்டு. கெட்ட செய்தி சொன்னவர் முகத்தை மாதக்கணக்கில் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஆகவே அவையில் எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கலையில் கரைகண்டவர் பிரதானி திரியம்பகர்.

சித்திரை முதல் நாள் அவை கூடியது. பிறந்திருக்கும் ஆண்டில் மழை எப்படி, வாணிகம் எப்படி, குடிகளுக்குத் தொழில் எப்படி என்று பிரதானி எடுத்துச் சொல்வது அன்றைய வழக்கம்.

"கீழைச்சீமை எப்படி இருக்கும்?" என்று கேட்டார் அரசர்.

"அமோகமாக இருக்கும், மகாராஜா. அங்கே வேலையில்லாத ஆளை விளக்கேற்றித் தேடினாலும் கிடைக்கமாட்டான். வேலைக்குத்தான் ஆள் பஞ்சம் வரப்போகிறது."

"அங்கே நெடுந்துறைத் துறைமுகத்தில் மணல் மேடிட்டதாகக் கேள்விப்பட்டேனே. தூர்வார வேண்டாமா?"

"கடற்கரை என்றால் மணல் இராதா, மகாராஜா? தூர்வாரத்தான் ஆளுக்கு எங்கே போவது? எல்லோரும் தொழிலில் மூழ்கிக் கிடக்கிறார்கள். அந்தச் செலவில் தலைநகரில் ஒரு வசந்த மண்டபம் எழுப்பினால் தங்கள் பெயர் நிலைக்கும்."

அரசர் முகம் மலர்ந்தது. அவையின் ஓரத்தில் இளநம்பி அமர்ந்திருந்தான். விகடம் பேசி அரசரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

பங்குனியில்தான் அக்காள் மகள் கல்யாணத்துக்கு அவன் நெடுந்துறை போய்விட்டு வந்திருந்தான். மணல் அடைத்த துறைக்கு ஒரு கப்பலும் வரவில்லை. மூட்டை சுமக்கிறவர்கள் கவிழ்த்த படகுகளின் நிழலில் படுத்துக் கிடந்தார்கள். அக்காள் புருஷன் திரித்த கயிறு வாங்க ஆளின்றி வீட்டில் மலைபோல் கிடந்தது. கல்யாணப் பந்தியில் ஒரு முறை உண்டு எழுந்தவர்களே தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பந்தியிலும் வந்து உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்த பிறகு இளநம்பிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சீமையை நிர்வகித்தவர் வேறு யாருமில்லை, பிரதானியின் மைத்துனர்.

நேராகச் சொன்னால் அரசர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சொல்லாவிட்டால் மண்டபம் எழும்பிவிடும். இளநம்பி எழுந்தான்.

"பிரதானியார் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பெரிய கவலை பிடித்துவிட்டது, அரசே."

"நல்ல செய்தியில் உமக்கென்ன கவலை?"

"அரண்மனை நெற்களத்தில் காக்கைத் தொல்லை தாங்கவில்லை. விரட்டுவதற்குக் கீழைச்சீமையிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிடலாம் என்றிருந்தேன். இனி கிடைப்பானா?"

திரியம்பகர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "காக்கை ஓட்டவா? தண்டோரா போட்டுத்தான் பாருமே. ஒரு பயல் வரமாட்டான்."

அரசருக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்தது. "அப்படியே செய்யும். அந்த ஆள் வருகிறானா என்று பார்த்துவிட்டு மண்டபத்துக்குக் கால்கோள் வைத்துக்கொள்வோம்" என்றார்.

கீழைச்சீமை எங்கும் பறை முழங்கியது. அரண்மனையில் காக்கை விரட்ட ஓர் ஆள் தேவை. கூலி, இரண்டு வேளைச் சோறு.

சில நாள் கழிந்து ஒரு காலையில் கிழக்கே புழுதி கிளம்பியது. கோட்டைக் காவலன் கொம்பு ஊதினான். கதவுகளைச் சாத்தினார்கள். அரசர் வாளை எடுத்துக்கொண்டு மதில்மேல் ஏறினார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தலைகள்.

"எந்த நாட்டுப் படை?" என்றார்.

"நம் நாட்டுப் படைதான். காக்கை விரட்ட வந்திருக்கிறது" என்றான் இளநம்பி.

கதவைத் திறக்கச் சொல்லி அரசர் இறங்கிவந்தார். கூட்டத்தின் முன்னால் நரைத்த மீசைக்காரர் ஒருவர் கும்பிட்டபடி நின்றார்.

"நீர் யார்?"

"கயிலாசம் சாமி. கப்பல் தச்சன்."

"கப்பல் தச்சனுக்குக் காக்கை விரட்டத் தெரியுமா?"

"தெரியாது சாமி. கத்துக்கிடுவேன்."

அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அந்த ரெண்டு வேளைச் சோத்தை இங்கயே தின்னணுங்களா, இல்ல வீட்டுக்குக் கொண்டுபோகலாங்களா?"

அரசர் வாளை உறையில் போட்டுவிட்டுப் பிரதானியைத் திரும்பிப் பார்த்தார்.

திரியம்பகர் அவசரமாகக் கும்பிட்டார். "தங்களைத் தரிசிக்கும் ஆவலில் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், மகாராஜா" என்றார்.

"இவர்கள் வேலையை விடவில்லை, வேலைதான் இவர்களை விட்டுவிட்டது" என்றான் இளநம்பி.

அரண்மனையில் அன்று அடுப்புகள் அணையவே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் வயிறார உண்டார்கள். வசந்த மண்டபம் பேச்சோடு நின்றது. மண்டபத்துக்கென்று ஒதுக்கிய பொன் நெடுந்துறைக்குப் போயிற்று. தூர்வாரும் வேலைக்கு அத்தனை பேரையும் அங்கேயே அமர்த்தினார் அரசர். கயிலாசத்துக்குத் தூர்வாரும் படகுகள் செய்யும் பொறுப்பு. மைத்துனரின் பதவி அன்று மாலைக்குள் பறிபோனது.

"இதை அன்றைக்கே என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே?" என்று வருத்தத்தோடு கேட்டார் அரசர்.

"சொன்னால் என் ஒரு முகத்தைப் பார்க்காமல் இருந்துவிடுவீர்கள், அரசே. இத்தனை முகங்களைப் பார்க்காமல் இருக்க முடியாதல்லவா?"

அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவராய்த் தாடையைத் தடவினார்.

"வந்தவர்கள் எல்லோரும் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். காக்கை விரட்ட ஆள் இல்லையே, நம்பி?"

"பிரதானியார் இருக்கிறாரே."

"இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் எங்கே ஓடி விரட்டுவது?"

"ஓடவே வேண்டாம். களத்தில் நின்று, 'கீழைச்சீமையில் நெல் கொட்டிக் கிடக்கிறது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை காக்கையும் நம்பிப் பறந்துபோய்விடும்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"காக்கையைச் சொல்வானேன்? நானே வசந்த மண்டபம்வரைக்கும் பறந்துவிட்டேனே" என்றார்.