மீசை கரைந்த சிலை

தாணுமூர்த்தி சுவாமிகள் மடத்துக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சிஷ்யை கோமு வந்து நின்றாள். வயது நாற்பத்தாறு. பதினொரு வருஷமாக அவரிடம் பாடம் கேட்பவள்.

"சாமி, எங்க அப்பா முகம் போச்சு."

கோமுவின் தாய் சிற்றாறை அரண்மனையில் பூக்கட்டியவள். கோமு பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே ஜமீன்தார் இறந்துவிட்டார். அவளை அவர் மகள் என்று அரண்மனை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவருடைய திதியன்று ஊராருக்குக் கூடத்தைத் திறந்துவிடுவார்கள். அங்கே மார்பளவில் ஒரு பளிங்குச் சிலை உண்டு. ஐந்து வயதில் தாய் அவளை அதன்முன் நிறுத்தி, "உங்க அப்பா. பாத்துக்கோ" என்றாள். அதிலிருந்து கோமு ஒரு திதியும் தவறவில்லை. நாற்பத்தொரு தடவை போயிருக்கிறாள்.

"என்ன ஆச்சு?"

"அரண்மனைச் சாமானையெல்லாம் விக்கிறாங்க. விலை மதிக்க வந்தவர் சிலையைக் கழுவினார்."

கழுவ வேண்டியதாகத்தான் இருந்தது. கோயில் மூலவருக்குச் செய்வதுபோல, அரண்மனையார் திதிதோறும் அதற்கு எண்ணெய்க்காப்பு சாத்தினார்கள். கருங்கல் தாங்கும். பளிங்கு எண்ணெயைக் குடித்து மஞ்சளாகி, மேலே நகக்கனத்துக்கு அழுக்குப் படிந்திருந்தது.

"சோடா உப்புப் போட்டுத் தேச்சார், சாமி. மீசை கரைஞ்சு ஓடுச்சு. மையால எழுதின மீசை. பட்டுத் தலைப்பாகையை அவுத்தார். உள்ளே வெள்ளைக்காரங்க மாதிரி சுருட்டை முடி. முதுகுல பேரும் வெட்டியிருக்கு. யாரோ ஒரு ஜட்ஜு துரை."

"அரண்மனைக்கு எப்படி வந்துச்சு?"

"பழைய நோட்டுல இருக்கு. துரை சீமைக்குத் திரும்பறப்போ வீட்டுச் சாமானை ஏலம் விட்டிருக்கார். சிலைக்காக நாலு மாசம் யாரு அசையாம உட்காருவான்னு ஜமீன் ராஜா அதையே தன் சிலையா எடுத்துட்டாராம். காவக்காரர் சிரிக்கிறார். 'கோமக்கா, உங்கப்பா பென்ஷன் வாங்கிட்டுக் கப்பலேறிட்டாரு'ங்கிறார்."

சுவாமிகள் சிரிக்கவில்லை.

"கண்ணாடியில அந்த மூக்கைத் தேடுவேன், சாமி. எனக்கும் இருக்குன்னே நெனச்சேன். ராஜா போட்டோவையெல்லாம் கரையான் தின்னுடுச்சாம். இனி எதைப் பார்த்து அப்பான்னு சொல்ல?"

சுவாமிகள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உங்க அம்மா ராஜாவை நேர்ல பார்த்தவதானே?"

"ஆமா."

"அப்போ அது அவர் முகமில்லைன்னு அவளுக்குத் தெரியும்."

கோமு வாளியை இடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். வாளியிலிருந்த தண்ணீர் ஆடி அடங்கியது.

"தெரிஞ்சேவா காட்டினா?"

"காட்டறதுக்கு அவகிட்ட வேற என்ன இருந்துச்சு?"

சுவாமிகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதைக் காட்டறப்போ அவ முகம் எப்படி இருந்துச்சு?"

"நான் சிலையையில்ல பார்த்துட்டு இருந்தேன்."

"எத்தனை வருஷம் உன்கூட வந்தா?"

"முப்பது. அதுக்கப்புறம் செத்துப் போயிட்டா."

"முப்பது தடவையும் சிலையைத்தான் பார்த்தியா?" என்றார் சுவாமிகள்.