முசுறுக் கூட்டின் நூல்

ஆற்றங்கரை மாமரத்தில் முசுறு எறும்புகள் குடியிருந்தன. பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்து நூலால் தைத்து வீடு கட்டுவது அவற்றின் வழக்கம். நூலோ வளர்ந்த எறும்புகளிடம் கிடையாது. புழுவாய்க் கிடக்கும் பிள்ளைகளின் வாயில்தான் ஊறும். பெரியவர்கள் பிள்ளையைக் கவ்விக்கொண்டு இலைக்கு இலை தொட்டுத் தைப்பார்கள். நம்பாதவர் மரமேறிப் பார்க்கலாம், சொறிந்துகொண்டே இறங்குவார்.

இரையைப் பங்கிடுபவள் கடுவாய்ச்சி. ஒருநாள் வெட்டுக்கிளி ஒன்றை இழுத்து வந்த களைப்பில் அவளுக்குக் கோபம் வந்தது. ஓடுவது நான், தின்பது படுத்துக்கிடக்கும் கூட்டமா?

"இனி இரை பிடிப்பவர்களுக்கே இரை!" என்றாள்.

"பிள்ளைகளுக்கு, அக்கா?" என்றாள் அவர்களை வளர்க்கும் வெள்ளச்சி.

"ஆளுக்கு ஒரு நக்கு. வீடுதான் தைத்தாயிற்றே, நூல் எதற்கு?"

"தாடை தேய்ந்த கிழவிகளுக்கு?"

"உட்கார்ந்து தின்றது போதும்!"

"நீயும் புழுவாய்க் கிடந்தவள்தானே!"

"எனக்கு ஞாபகமில்லை!"

உண்மைதான். புழுவாய் இருந்த காலம் எந்த முசுறுக்கும் ஞாபகமிருப்பதில்லை. கிழவியாகப் போகும் காலமும் அப்படித்தான்.

கிழவிகள் கடைசிக் கிளைக்குப் போனார்கள். வேட்டைக்காரிகள் கொழுத்தார்கள். கடுவாய்ச்சிக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு மாலை காற்றும் மழையும் அடித்தன. ராணியும் முட்டைகளும் இருந்த அறையில் தையல் விட்டது. கடுவாய்ச்சி இலையின் விளிம்பைக் கவ்வி இழுத்துப் பிடித்தாள். பக்கத்தில் நின்றவள் ஒரு பிள்ளையை எடுத்து இலையில் அழுத்தினாள். நூல் வரவில்லை. இன்னொரு பிள்ளை. இழை கொஞ்சம் வந்து அறுந்தது. வற்றிய வயிற்றில் வேறென்ன இருக்கும்? ராணியின் தலைமேல் நீர் சொட்டியது.

வெள்ளச்சி ஓடி வந்தாள். அவள் வாயில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை! பின்னால் கிழவிகள், ஆளுக்கொரு பிள்ளையுடன்.

"பிள்ளைகளில் கொஞ்சம் பேரை இவர்களிடம் விட்டிருந்தேன், அக்கா. கடைசிக் கிளையில் அசுவினிப் பூச்சிகள் கசியவிடும் தேனை நக்கி வந்து ஊட்டி வளர்த்திருக்கிறார்கள்!"

நூல் ஓடியது. ராணியின் அறை தப்பியது. மற்ற அறைகள் ஆற்றோடு போயின. இழுத்துப் பிடித்த பிடியில் கடுவாய்ச்சியின் தாடை உடைந்தது.

மறுநாள் அவளால் இரை பிடிக்க முடியவில்லை. தான் போட்ட சட்டம் நினைவுக்கு வர, பந்தியை விட்டு விலகி நின்றாள்.

"அங்கே என்ன வேடிக்கை? வா, அக்கா!" என்றாள் வெள்ளச்சி. "முதலில் பிள்ளைகள், அடுத்து நீ."

பிள்ளைக்கும் முதியவருக்கும் ஊட்டுவதை வீண்செலவு என்று நிறுத்துகிறவர், தாம் குடியிருக்கும் வீட்டின் தையலையே பிரிக்கிறார்.