பேர் வைக்காதவரின் ஆட்சேபம்

கிராம சபையில் தலைவர் தணிகாசலம் கனைத்தார். "க்ரும்! ஊர் ஏரியை மூடிக் கல்யாண மண்டபம் கட்டறோம். பாதிக்கப்படறவங்க நேர்ல வந்து ஆட்சேபம் சொல்லலாம்!"

அலுவலகம் பெருக்கும் பூவாயி துடைப்பத்தோடு எழுந்தாள். "வந்திருக்காரு தலைவரே, உங்க மக வயித்துல!"

"அவன் பேசுவானா?"

"ஆத்தா வாயால பேசுவாரு. கண்ணு, நாக்கு என்ன கேக்குது?"

முன்வரிசையில் ஏழு மாத வயிற்றோடு இருந்த மகள் சப்புக்கொட்டினாள். "ஏரிக் கெண்டைக் குழம்புப்பா! இவனுக்கும் வருஷா வருஷம் வேணுமாம்."

பூவாயி தலைவர் குரலிலேயே கனைத்தாள். "க்ரும்! புள்ளத்தாச்சி ஆசையைத் தட்டினா புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்னு வளைகாப்புக்கு வளைகாப்பு பேசறது யாரு?"

சபை குலுங்கியது. தலைவர் தன் காதைத் தடவிக்கொண்டார். "எழுதுய்யா கிளார்க்கு, ஏரி இருக்கட்டும்."

"ஆட்சேபம் சொன்னவர் பேருங்க ஐயா?"

"இடம் விட்டு எழுதுங்க," என்றாள் பூவாயி. "பொறந்ததும் வைக்கிறோம்!"