கோரன் கேட்ட வெள்ளம்

தமிழ், மலையாளம், கன்னடம் பேசும் மிருகங்களின் காடுகள் மூன்றும் ஒரு காட்டாற்றின் கரையில் சந்தித்தன. நல்ல கோடை. ஆறு முழுக்க வெறும் மணல். ஒரு பாறைக்கடியில் மட்டும் சின்ன ஊற்று கசிந்துகொண்டிருந்தது.

கோரன் என்ற ஆமை மலையாளக் காட்டிலிருந்து அந்த ஊற்றைத் தேடி வந்தது. பாறையில் ஏறும்போது சறுக்கி மல்லாந்து விழுந்தது. காலை உதறிப் பார்த்தது, புரள முடியவில்லை. வெயில் வயிற்றைச் சுட்டது. தொண்டை வறண்டது. அதன் மொழியில் தண்ணீருக்குப் பெயர் வெள்ளம்.

"வெள்ளம், வெள்ளம்" என்று கத்தியது.

தமிழ்க் காட்டு முயல் செவ்வந்தியின் காதில் அது விழுந்தது.

"வெள்ளம் வருதாம், மேட்டுக்கு ஓடுங்க!" என்று அலறிக்கொண்டு பறந்தது. மான்கள் பின்னால் ஓடின. முள்ளம்பன்றி தன் நாலு குட்டிகளையும் விரட்டிக்கொண்டு ஓடியது. மயில், தோகை நனையக்கூடாதென்று தூக்கிப் பிடித்தபடி ஓடியது.

மேட்டில் கன்னடக் கரடி பசப்பா தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மொழியில் வெல்லத்துக்குப் பெயர் 'பெல்ல'. தூக்கக் கலக்கத்தில் 'வெள்ளம்' என்ற கூச்சல் அதற்கு அப்படித்தான் கேட்டது.

"வெல்லமா? எங்கே?"

"கீழே, ஆத்துல" என்றது ஒரு மான்.

"அப்புறம் ஏன் மேலே ஓடுறீங்க?"

"அங்கேயே நின்னா முழுகிடுவோமே."

"அவ்வளவு வெல்லமா?"

பசப்பா உருண்டு புரண்டு கீழே ஓடியது. வெல்லம் என்று காதில் விழுந்ததும், மேலே ஓடிவந்த குரங்குகளும் இனிப்புக்கு ஆசைப்பட்டுத் திரும்பின. மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் சரிவில் முட்டிக்கொண்டார்கள். பசப்பா தடுமாறி உட்கார்ந்தது, நேராக முள்ளம்பன்றியின் மேல். முள் குத்திப் பசப்பா போட்ட சத்தத்தில் காடே அதிர்ந்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே செவ்வந்தி தன் கால்களைப் பார்த்தது. முழங்கால்வரை புழுதி. ஒரு சொட்டு ஈரமில்லை. வெட்கத்தோடு ஆற்றுக்குத் திரும்பியது. அங்கே கோரன் பாதி மயக்கத்தில் கிடந்தது.

"வெள்ளம் எங்கே?" என்று செவ்வந்தி கேட்டது.

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

"வந்தா என்ன செய்வே?"

"குடிப்பேன்."

"முழு வெள்ளத்தையுமா?"

"ரெண்டு வாய் போதும்."

அப்போதுதான் செவ்வந்திக்குப் புரிந்தது. ஊற்றுக்கு ஓடி ஓர் இலையில் தண்ணீர் மொண்டு வந்து ஆமையின் வாயில் விட்டது. அதற்குள் பசப்பாவும் வந்து சேர்ந்தது. கோரனைப் பெரிய வெல்லக்கட்டி என்று நினைத்து, இரண்டு கையாலும் தூக்கி, ஓட்டை ஒரு நக்கு நக்கி, முகத்தைச் சுளித்து, நிமிர்த்திக் கீழே வைத்தது.

"எங்க பக்கம் இந்தக் கோடையை விட்டா நாள் தவறாம மழை. குட்டையில நின்னாலும் வெள்ளம்தான், கையில அள்ளினாலும் வெள்ளம்தான்" என்றது கோரன்.

"எங்க ஆறு எப்பவாவதுதான் வரும். வந்தா மொத்தமா வரும். அப்படி வர்றதுக்குத்தான் நாங்க வெள்ளம்னு பேர் வெச்சோம்" என்றது செவ்வந்தி.

"எங்க பெல்லவை வாயில போட்டாலே போதும், அர்த்தம் தெரிஞ்சிடும்" என்றது பசப்பா, பின்பக்கத்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

ஒருவர் சொன்ன சொல்லுக்கு நம் அர்த்தத்தை மாட்டிவிட்டு ஓடுவதற்கு முன், சொன்னவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.